ரெய்டு தொகுப்பின் பெயரும் அடையாளமும்

ஹார்டுவேர் ரெய்டு கார்டு உள்ள சர்வரில் எட்டு டிஸ்க் செருகியிருந்தாலும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். டிஸ்குகளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்து உருவாக்கிய லாஜிக்கல் டிரைவை மட்டும் கார்டு வெளியே காட்டுகிறது. அந்த லாஜிக்கல் டிரைவுக்கு இயங்குதளம் ஒரு பெயர் வைத்து /டெவ் அடைவில் நிறுத்துகிறது. சர்வரை நிர்வகிப்பவர் அந்தப் பெயரைத்தான் ஃபார்மட் கட்டளையிலும், மௌன்ட் பட்டியலிலும், பேக்கப் ஸ்கிரிப்டிலும் எழுதுகிறார். அந்தப் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிவதே இந்த அத்தியாயத்தின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கெர்னல் வைக்கும் பெயர் டிரைவரையும் வரிசையையும் இடத்தையும் பொறுத்தது. உள்ளே இருக்கும் தரவை அது அடையாளம் காட்டாது. ஆகவே நிலையான எந்த அமைப்புக் கோப்பிலும் அதை எழுதக் கூடாது.

பெயர் வைப்பது டிரைவர்

லினக்ஸில் ரெய்டு கார்டுகளுக்குப் பெயரிடும் வழக்கம் இரண்டு மரபுகளாக வளர்ந்தது. முதல் மரபில் ஒவ்வொரு கார்டின் டிரைவரும் தனக்கென்று ஓர் அடைவை வைத்துக்கொண்டது. மைலெக்ஸ் கார்டுகளுக்கான டிஏசி960 டிரைவர் /டெவ்/ஆர்டி/சி0டி0 என்று பெயர் வைத்தது. காம்பேக்கின் பழைய ஸ்மார்ட் அரே கார்டுகள் /டெவ்/ஐடிஏ என்ற அடைவிலும், பின்னால் வந்த ஸ்மார்ட் அரே கார்டுகள் /டெவ்/சிசிஸ் என்ற அடைவிலும் வந்து நின்றன. சி0டி0பி1 என்ற பெயரை இப்படிப் படிக்க வேண்டும்: 0 எண்ணுள்ள கன்ட்ரோலர், அதில் 0 எண்ணுள்ள லாஜிக்கல் டிரைவ், அதில் 1ஆம் பார்ட்டிஷன். டிரைவ் எண்ணும் பார்ட்டிஷன் எண்ணும் ஒட்டிக்கொண்டு குழப்பக் கூடாது என்பதற்காகத்தான் நடுவில் பி என்ற எழுத்து நிற்கிறது. இன்றைய என்விஎம்இ டிஸ்கின் பெயரிலும் இதே காரணத்துக்காக அந்த எழுத்து இருக்கிறது. சிசிஸ் டிரைவருக்கு லினக்ஸ் ஒதுக்கிய எண்களின்படி 8 கன்ட்ரோலர்கள், கன்ட்ரோலருக்கு 16 லாஜிக்கல் டிரைவ், டிரைவுக்கு 15 பார்ட்டிஷன் வரை இடம் இருந்தது. டிஏசி960 டிரைவருக்குக் கன்ட்ரோலருக்கு 32 டிரைவ் கிடைத்தது. ஆனால் டிரைவுக்கு 7 பார்ட்டிஷன்தான்.

இரண்டாம் மரபில் கார்டின் டிரைவர் தன்னை ஒரு ஸ்கஸி கன்ட்ரோலராக அறிமுகப்படுத்திக்கொள்கிறது. லாஜிக்கல் டிரைவ் சாதாரண ஸ்கஸி டிஸ்காகத் தோன்றுகிறது. பெயரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுத்து வரிசையில் வருகிறது. 26 எழுத்தும் தீர்ந்தால் அடுத்தது எஸ்டிஏஏ. எல்எஸ்ஐ மெகாரெய்டு கார்டுகளும், அவற்றை அடிப்படையாகக் கொண்ட டெல் பெர்க் கார்டுகளும், 3வேர் கார்டுகளும் லினக்ஸில் இந்த வழியில்தான் வந்தன. இந்தப் பெயர் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. எஸ்டிஏ என்பது 2 டிஸ்க் கொண்ட மிரராக இருக்கலாம், 12 டிஸ்க் கொண்ட ரெய்டு 6 ஆக இருக்கலாம், முன்பக்கம் யாரோ செருகிவிட்டுப் போன யுஎஸ்பி பென் டிரைவாகவும் இருக்கலாம்.

மற்ற யூனிக்ஸ்களுக்கு அவரவர் வழி. ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவரின் பெயரே டிஸ்கின் பெயரில் ஏறும்: ஏஏசி டிரைவர் காட்டும் தொகுப்பு ஏஏசிடி0, ஏஎம்ஆர் காட்டுவது ஏஎம்ஆர்டி0, எம்எஃப்ஐ காட்டுவது எம்எஃப்ஐடி0. நெட்பிஎஸ்டி இத்தகைய பல கார்டுகளின் லாஜிக்கல் டிரைவுகளுக்கு எல்டி0, எல்டி1 என்று பொதுப்பெயர் வைத்தது. ஓபன்பிஎஸ்டி அவற்றை எஸ்டி0, எஸ்டி1 என்று ஸ்கஸி டிஸ்குகளாகவே காட்டுகிறது. சோலாரிஸில் சி0டி0டி0எஸ்2 என்றால் கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க், ஸ்லைஸ் என்று நான்கு பகுதிகள். 2ஆம் ஸ்லைஸ் முழு டிஸ்கைக் குறிப்பது அங்கே வழக்கம். ஏஐஎக்ஸில் ஹெச்டிஸ்க்0, ஹெச்டிஸ்க்1 என்று வெறும் வரிசை எண். ஒரே கார்டை ஐந்து இயங்குதளங்களில் பொருத்தினால் ஒரே தொகுப்புக்கு ஐந்து பெயர் கிடைக்கும். பெயர் தொகுப்போடு பிறந்ததல்ல, இயங்குதளம் கொடுத்தது என்பதற்கு இது முதல் சான்று.

டிஸ்க் மாறவில்லை, பெயர் மாறியது

ஒரே இயங்குதளத்துக்குள்ளேயே இதைவிட வலுவான சான்று கிடைக்கிறது. 2010இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 கெர்னலில் ஸ்மார்ட் அரே கார்டுகளுக்கு ஹெச்பிஎஸ்ஏ என்ற புதிய டிரைவர் சேர்ந்தது. அது ஸ்கஸி மரபைப் பின்பற்றியது. 2017இல் வந்த 4.14 கெர்னலில் பழைய சிசிஸ் டிரைவரே நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு 4.20 கெர்னலில் டிஏசி960 டிரைவருக்குப் பதிலாக மைஆர்பி, மைஆர்எஸ் என்ற இரண்டு ஸ்கஸி டிரைவர்கள் வந்தன. ஒரு சர்வரில் சிசிஸ் டிரைவர் இருந்த இடத்துக்கு ஹெச்பிஎஸ்ஏ வந்தால் என்ன ஆகும்? கார்டு அதுவே, டிஸ்குகள் அவையே, ஒரு பைட்டும் அசையவில்லை. ஆனால் நேற்று /டெவ்/சிசிஸ்/சி0டி0பி2 என்று இருந்தது இன்று /டெவ்/எஸ்டிஏ2. மௌன்ட் பட்டியலான /எட்சி/எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரை எழுதி வைத்திருந்தால், அந்தப் பெயரில் எதுவும் இல்லை. சிஸ்டம்டி உள்ள சர்வர் அந்த டிஸ்குக்காக வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். கெர்னலுக்குக் கொடுக்கும் ரூட் அளவுருவிலும் பழைய பெயர் இருந்தால், சர்வர் அந்த இடத்துக்குக்கூட வராது.

ஃப்ரீபிஎஸ்டியில் இதே நிகழ்வை ஒரே ஒரு அமைப்பு வரியில் பார்க்கலாம். சில மெகாரெய்டு கார்டுகளை எம்எஃப்ஐ, எம்ஆர்எஸ்ஏஎஸ் ஆகிய இரண்டு டிரைவர்களாலும் இயக்க முடியும். எந்த டிரைவர் கார்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் துவக்க அமைப்பில் சொல்லலாம். முதலாவது எடுத்துக்கொண்டால் தொகுப்பு எம்எஃப்ஐடி0. இரண்டாவது எடுத்துக்கொண்டால் அதே தொகுப்பு டிஏ0.

பெயரின் வடிவத்தை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளும் இங்கே விழுகின்றன. டிஸ்க் என்றால் எஸ்டி என்று தொடங்கி ஓரெழுத்தில் முடியும் என்று எண்ணி எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்ட், சிசிஸ் டிரைவரின் பெயரைக் காணாமலே கடந்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. சிசிஸ்/சி0டி0 என்ற பெயருக்குள்ளேயே சாய்கோடு இருக்கிறது. கோப்புப் பெயரில் சாய்கோடு வர முடியாது. அதனால் /சிஸ்/பிளாக் அடைவில் கெர்னல் அதை ஆச்சரியக்குறியாக மாற்றி, சிசிஸ்!சி0டி0 என்று வைத்தது. /டெவ் அடைவில் படித்த பெயரை அப்படியே /சிஸ் அடைவில் தேடிய நிரல்களுக்கு அந்தத் தொகுப்பு கிடைக்கவே இல்லை.

வரிசையை நம்புவதில் உள்ள ஆபத்து

டிரைவர் மாறாத சர்வரில் எஸ்டிஏ என்றைக்கும் எஸ்டிஏதானே என்று கேட்கலாம். மருத்துவமனையில் தரும் டோக்கன் எண் யார் முதலில் வந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, வந்தவர் யார் என்பதைச் சொல்லாது. எஸ்டிஏ என்ற பெயரும் அப்படித்தான். கெர்னல் எந்த டிஸ்கை முதலில் பதிவு செய்கிறதோ அதற்கு அந்தப் பெயர். சர்வரில் இரண்டு கார்டு இருந்தால் எந்த டிரைவர் முதலில் ஏறியது என்பதைப் பொறுத்து வரிசை மாறும். இன்றைய கெர்னல்கள் துவக்கத்தை விரைவுபடுத்த டிஸ்குகளை ஒரே நேரத்தில் இணையாகத் தேடுகின்றன. எது முந்தும் என்பதற்கு உறுதி கிடையாது.

ஒரே கார்டு உள்ள சர்வரிலும் உறுதி இல்லை. தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்கும் வசதி ஒரு ஐஎஸ்ஓ கோப்பையோ இமேஜையோ மெய்நிகர் யுஎஸ்பி சாதனமாக இணைக்கும். அது டிஸ்க் இமேஜாக இருந்தால் அதுவும் எஸ்டி வரிசையில் ஓர் எழுத்தைப் பிடிக்கும். இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொகுப்பு அறுந்துபோய்த் திரும்பி வந்தால், பழைய பெயரை ஏதாவது ஒரு செயலி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பெயர் காலியாகாது. எஸ்டிபியாகப் போனது எஸ்டிசியாகத் திரும்பும்.

மேலே சொன்ன சிசிஸ் மாற்றத்தில் பழைய பெயர் இல்லாமல் போகிறது. சர்வர் நின்றுவிடுகிறது, நிர்வாகிக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வரிசை மாறும்போது அந்தப் பாதுகாப்புகூட இல்லை. பெயர் இருக்கிறது, ஆனால் வேறொன்றைக் காட்டுகிறது. எஸ்டிபியை அழித்து ஃபார்மட் செய்யும் நிறுவல் ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் தரவுத்தளம் இருந்த தொகுப்பை அழித்துவிட்டு, வெற்றி என்று சொல்லி முடிக்கும். ரெய்டு டிஸ்க் பழுதிலிருந்துதான் காப்பாற்றும். தவறான பெயருக்கு அனுப்பிய எழுத்தை மிரரின் இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக எழுதி வைக்கும்.

இடத்தைச் சொல்லும் பெயர் போதாதா?

அனுபவமுள்ள நிர்வாகிகள் வைக்கும் மறுப்பு கவனத்துக்குரியது. சோலாரிஸின் பெயரும் சிசிஸ் டிரைவரின் பெயரும் வந்த வரிசையைச் சொல்லவில்லை, இடத்தைச் சொல்கின்றன. எந்தக் கன்ட்ரோலர், எந்த டிரைவ் என்பது பெயரிலேயே தெரிகிறது. சோலாரிஸ் தான் கண்ட சாதனங்களை /எட்சி/பாத்_டு_இன்ஸ்ட் என்ற கோப்பில் குறித்து வைத்து, அடுத்த துவக்கத்திலும் அதே எண்ணைக் கொடுக்கிறது. ஏஐஎக்ஸும் தன் சாதனத் தரவுத்தளத்தில் பெயரைப் பதிந்து வைக்கிறது. அப்படியிருக்க, ஏன் வேறு அடையாளங்களைத் தேடிப் போக வேண்டும்?

இந்த மறுப்பில் உண்மை உண்டு. இடத்தைச் சொல்லும் பெயர், வரிசையைச் சொல்லும் பெயரைவிட மேலானது. புதிதாக ஒரு பென் டிரைவ் செருகினால் சி0டி0 மாறிவிடாது. ஆனால் நிர்வாகி கேட்கும் கேள்வி பெரும்பாலும் இடத்தைப் பற்றியது அல்ல. பேக்கப் தரவு எங்கே இருக்கிறதோ அதை /பேக்கப் அடைவில் மௌன்ட் செய் என்பதுதான் அவர் சொல்ல வருவது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால், மதர்போர்டு பழுதாகி டிஸ்குகளை இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோனால், தரவு அதுவேதான், இடம் வேறு. மேலும், ஒரு லாஜிக்கல் டிரைவை நீக்கிவிட்டு அதே எண்ணில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் சி0டி0 என்ற பெயர் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இடப்பெயர் இரண்டு பக்கமும் தவறும்: தரவு இருக்கும்போது மாறும், தரவு போனபின்பும் நிற்கும். சேமிப்புப் பாதைகள் பெருகியபின் ஹெச்பி-யுஎக்ஸும் இதே முடிவுக்குத்தான் வந்தது. 2007இல் வந்த அதன் 11ஐ வி3 பதிப்பு, கன்ட்ரோலர் எண்ணும் டார்கெட் எண்ணும் கலந்த பழைய பெயரை விட்டு, சாதனத்தின் தனி அடையாளத்தை ஒட்டி /டெவ்/டிஸ்க்/டிஸ்க்3 என்பது போன்ற புதிய பெயருக்கு நகர்ந்தது.

மூன்று கேள்விக்கு மூன்று அடையாளம்

ஒரே பெயரிடமிருந்து எல்லாக் கேள்விக்கும் விடை கேட்பதால்தான் சிக்கல் வருகிறது. கேள்விகளைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாளம் தெளிவாகிவிடும்.

முதல் கேள்வி, எந்தத் தரவு? இதற்கு ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடி விடை சொல்கிறது. ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்படுவதால், டிரைவர் மாறினாலும் கார்டு மாறினாலும் தரவோடு கூடவே போகிறது. லினக்ஸில் 2003இல் தொடங்கிய யூடெவ், இந்த எண்களைப் படித்து /டெவ்/டிஸ்க்/பை-யுயுஐடி என்ற அடைவில் இணைப்புகளாக வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எல்விஎம், இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு அந்த அமைப்புகளே தம் டிஸ்குகளை உள்ளே எழுதிய அடையாளத்தால் கண்டுபிடித்துக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டியில் டிஸ்க்லேபலுக்குள் இருக்கும் டியுஐடி இதே வேலையைச் செய்கிறது.

இரண்டாம் கேள்வி, எந்தத் தொகுப்பு? ஃபார்மட் செய்யும் முன்பு யுயுஐடி இருக்காது. ஃபார்மட் செய்தால் புதிது வரும். ஆகவே அழிக்கும் வேலைக்கு அது உதவாது. அதற்குத் தொகுப்பு தன்னைப் பற்றிச் சொல்லும் டபிள்யூடபிள்யூஎன் என்ற எண் வேண்டும். கார்டு ஒவ்வொரு லாஜிக்கல் டிரைவுக்கும் இதைக் கொடுக்கிறது; /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் இது தெரியும். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். தனி சாஸ் டிஸ்கின் எண் பொதுவாக 5 என்று தொடங்கி 16 இலக்கம் இருக்கும். ரெய்டு தொகுப்பின் எண் 6 என்று தொடங்கி 32 இலக்கம் இருக்கும். 6க்குப் பின் வரும் ஆறு இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும்: 600508பி1 என்று தொடங்கினால் அது ஹெச்பி ஸ்மார்ட் அரே. பை-ஐடி அடைவில் ஸ்கஸி என்ற முன்னொட்டோடு வரும் பெயரில் இந்த எண்ணுக்கு முன்னால் கூடுதலாக ஒரு 3 ஒட்டியிருக்கும். அது எண்ணின் வகையைச் சொல்வது, எண்ணின் பகுதி அல்ல. ஹெச்பியின் எஸ்எஸ்ஏசிஎல்ஐ கருவியில் லாஜிக்கல் டிரைவின் விவரத்தைக் கேட்டால், தனி அடையாள எண் என்ற வரியில் இதே 32 இலக்கமும், டிஸ்க் பெயர் என்ற வரியில் கெர்னல் வைத்த பெயரும் ஒன்றாக வரும். கார்டின் உலகத்தையும் இயங்குதளத்தின் உலகத்தையும் ஐயமின்றி இணைப்பது அந்த எண்தான். டிரைவின் வரிசை எண்ணை வைத்து இணைக்கப் பார்த்தால் தவறிவிடும்: எஸ்எஸ்ஏசிஎல்ஐ லாஜிக்கல் டிரைவுகளை 1இலிருந்து எண்ணுகிறது, சிசிஸ் டிரைவர் 0இலிருந்து எண்ணியது.

மூன்றாம் கேள்வி, எந்த டிஸ்கை வெளியே இழுக்க வேண்டும்? ரெய்டு 5 தொகுப்பில் ஒரு டிஸ்க் பழுதானால் எஸ்டிஏ என்ற பெயர் எஸ்டிஏவாகவே இருக்கும். இன்னும் ஒன்று பழுதானால்தான் தொகுப்பே போகும். கெர்னலின் பெயரிலும் யுயுஐடியிலும் டபிள்யூடபிள்யூஎன்னிலும் இதற்கு விடை இல்லை. கார்டின் கருவியைத்தான் கேட்க வேண்டும். ஸ்மார்ட் அரே கார்டில் 1ஐ:1:3 என்பது போல் போர்ட், பெட்டி, பே என்ற மூன்று பகுதியாக விடை வரும். மெகாரெய்டு கார்டில் ஸ்டோர்சிஎல்ஐ கருவி 252:3 என்பது போல் என்க்ளோஷர் எண்ணையும் ஸ்லாட் எண்ணையும் தரும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் மெகாரெய்டு என்று குறிப்பிட்டு எழுதும் எண் இந்த ஸ்லாட் எண் அல்ல; ஸ்டோர்சிஎல்ஐ பட்டியலில் டிஐடி என்ற தனிப் பத்தியில் இருக்கும் எண். இரண்டும் சில சர்வர்களில் தற்செயலாக ஒன்றாகவே இருப்பதால் இந்தக் குழப்பம் நெடுநாள் வெளியே தெரிவதில்லை. ஒரு டிஸ்க் ஏற்கெனவே போய்விட்ட தொகுப்பில் நல்ல டிஸ்கை இழுத்துவிட்டால் திரும்பும் வழி கடினம். ஆகவே இழுக்கும் முன் டிஸ்கின் சீரியல் எண்ணைக் கருவியில் பார்த்து, பேயின் விளக்கை மினுங்கச் செய்து, இரண்டும் பொருந்திய பின்பே கை வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு மறுப்புகள்

32 இலக்க எண்ணை நள்ளிரவில் தட்டெழுதுவதுதான் பிழைக்கு வழி என்பது ஒரு மறுப்பு. நீண்ட எண் கண்ணுக்குக் கடினம் என்பது மெய்தான். ஆனால் பிழையின் தன்மையைப் பாருங்கள். நீண்ட எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அப்படி ஒரு சாதனமே இருக்காது, கட்டளை நின்றுவிடும். எஸ்டிபி என்பதில் ஓரெழுத்து தவறினால் பக்கத்துத் தொகுப்பு அழியும். படிக்க எளிதான பெயர் வேண்டும் என்றால் ஃபைல் சிஸ்டத்துக்கு லேபல் வைக்கலாம். எக்ஸ்டி4இல் 16 பைட், எக்ஸ்எஃப்எஸ்ஸில் 12 எழுத்து வரை இடம் உண்டு. தரவுத்தளம், பேக்கப் என்று வேலையைச் சொல்லும் சொல்லோடு சர்வரின் பெயரையும் சேர்த்து வைத்தால், டிஸ்க் வேறு சர்வருக்குப் போனாலும் மோதாது.

யுயுஐடியும் தனித்துவமானது அல்ல என்பது அடுத்த மறுப்பு. இது சரியான எச்சரிக்கை. டிடி கட்டளையால் பைட்டுக்குப் பைட் நகல் எடுத்தாலும், மிரரில் ஒரு பாதியைக் கழற்றித் தனித் தொகுப்பாகக் காட்டினாலும், இரண்டிலும் ஒரே யுயுஐடி இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் இதை உணர்ந்து, ஒன்று மௌன்ட் ஆகியிருக்கும்போது அதே எண்ணுள்ள மற்றொன்றை மறுத்துவிடுகிறது. எல்லா ஃபைல் சிஸ்டமும் இப்படிக் காக்கும் என்று எண்ணக் கூடாது. நகல் எடுத்தவுடன் நகலின் யுயுஐடியை மாற்றுவதை வேலையின் கடைசிப் படியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மறுப்பு யுயுஐடியைக் கைவிடச் சொல்லும் காரணமாகாது. தரவின் அடையாளத்தையும் தொகுப்பின் அடையாளத்தையும் இரண்டாகவே வைத்திருக்க வேண்டும் என்பதற்குக் கூடுதல் காரணம் ஆகிறது.

நடைமுறை

புதிய தொகுப்பை உருவாக்கிய அன்றே ஒரு குறிப்பு எழுதுங்கள்: லாஜிக்கல் டிரைவ் எண், ரெய்டு நிலை, கொள்ளளவு, டபிள்யூடபிள்யூஎன், ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடி, லேபல், அதில் சேர்ந்த ஒவ்வொரு டிஸ்கின் பே எண்ணும் சீரியல் எண்ணும். கெர்னல் வைத்த பெயரை அதில் எழுத வேண்டாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெயர், அளவு, மாடல், டபிள்யூடபிள்யூஎன் பத்திகளைக் கேட்டால் லினக்ஸ் பக்கத்து விவரம் ஒரே திரையில் கிடைக்கும். அந்தக் குறிப்பின் நகல் சர்வருக்கு வெளியேயும் இருக்கட்டும்; சர்வர் துவங்காத நாளில்தான் அது தேவைப்படும்.

எஃப்எஸ்டேப் கோப்பிலும் ரூட் அளவுருவிலும் யுயுஐடி அல்லது லேபல். ஃபார்மட் செய்யும் ஸ்கிரிப்டிலும் தானியங்கி நிறுவலிலும் பை-ஐடி அடைவின் முழுப் பெயர். டிஸ்க் மாற்றும்போது கார்டின் கருவி தரும் பே எண். இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். எஸ்டிஏ என்ற பெயரைத் திரையில் பார்த்து, அந்த நிமிடத்தில் மட்டும் பயன்படுத்தலாம்; எழுதி வைத்து மறுநாள் பயன்படுத்தலாகாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கும் இன்றே ஒரு வேலை இருக்கிறது. எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து எஸ்டி என்றோ சிசிஸ் என்றோ தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் யுயுஐடியாக மாற்றுங்கள். ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் சரிபார்ப்பு வசதியால் கோப்பைச் சோதியுங்கள். திட்டமிட்ட நேரத்தில் ஒருமுறை சர்வரை மறுதுவக்கம் செய்து பாருங்கள். கெர்னலை மேம்படுத்துவதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.